மூன்றாவது ஸ்கோப்பும் ஒரு துண்டு எக்ஸ்ரே ஃபிலிமும்

அலங்காநல்லூருக்கு அருகில் பெரியப்பாவின் தென்னந்தோப்பில், பம்புசெட் அறைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைத் தடுப்பாக வைத்து, கடந்த 7 மாதங்களாக ஞாயிறுதோறும் காலையில் .177 அங்குல ஸ்பிரிங் ஏர் ரைஃபிளால் காகித அட்டைகளைச் சுட்டுப் பழகி வருகிறேன். அதன்மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்கப் போனால், அதை வேட்டைக்கான பொருளாகச் சொல்லித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் முயலையோ கௌதாரியையோ குறிபார்ப்பது குற்றம் என்பதையும், என் குறி காகிதம் மட்டுமே என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் வல்லூறுகளைப் பார்க்கவே நேரம் ஒதுக்கிப் போகிறவன் நான். தோப்பில் ஒரு மைனா இறங்கினாலும் ரைஃபிளைக் கீழே வைத்துவிடுவேன்.

முதல் ஸ்கோப் ரைஃபிளுடன் சேர்ந்தே வந்த 4x32 (4 மடங்கு உருப்பெருக்கம், 32 மி.மீ. முன் லென்ஸ்). ஏறத்தாழ 200 பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) சுட்டதும் அதன் குறுக்குக் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. காரணத்தைத் தேடியபோதுதான், சுருள்வில் தள்ளும் பிஸ்டனால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிளின் இயல்பு விளங்கியது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கி மட்டுமே உதைக்கும்; ஸ்பிரிங் ரைஃபிளிலோ பிஸ்டன் பாயும்போது ரைஃபிள் பின்னால் உதைத்து, பிஸ்டன் குழாயின் முனையில் மோதி நிற்கும்போது முன்னாலும் இழுக்கும். பின்னுதைப்பை மட்டும் கருதிச் செய்யப்பட்ட ஸ்கோப்பின் உள் லென்ஸ்கள் இந்த முன்னிழுப்பில் தளர்ந்துவிடும். ஆகவே பெரிய துப்பாக்கியில் நன்றாக உழைக்கும் விலையுயர்ந்த ஸ்கோப்கூட இதில் உடைந்துபோகலாம். பெட்டியின்மேல் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்பதை உருப்பெருக்கத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக ஒரு 3-9x40 வாங்கினேன். உடையவில்லை, ஆனால் பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தாலும் குறுக்குக் கம்பி குறியை விட்டு நகராத தூரம், 100 கெஜத்துக்கு நிலைநிறுத்தப்பட்டிருந்தது. ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் இடமும் வலமும் நகர்த்தினால், 10 மீட்டரில் குறுக்குக் கம்பி அட்டையின் மேல் விரற்கடை அளவுக்கு ஊர்ந்தது. வாங்கும் முன்பு கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. அதை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, முன் வளையத்தைத் திருகி 10 கெஜம்வரை பேரலாக்ஸைச் சரிசெய்யக்கூடிய மற்றொரு 3-9x40-ஐ வாங்கினேன்.

அதையும் தவறாகவே எடைபோட இருந்தேன். 25 மீட்டரில் சீராக விழுந்துகொண்டிருந்த குறி, ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எங்காவது விலகிக்கொண்டே இருந்தது. முதலில், ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்ட் பின்னால் நழுவியிருப்பதைக் கண்டேன். அது அமரும் பள்ளத்தில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, தடுப்பு முள் உள்ள ஒரே துண்டு மவுண்டைப் பொருத்தி, திருகுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். நழுவல் நின்றது, விலகல் நிற்கவில்லை.

மதுரையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் ஸ்கோப்பைத் தொடவே இல்லை. “மேல் திருகு எத்தனை சுத்து ஏறியிருக்கு தம்பி?” என்று, குறியை மேலும் கீழும் நகர்த்தும் திருகைப் பற்றி மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தால், அது மேலேறக்கூடிய எல்லையை ஏறக்குறைய தொட்டுவிட்டிருந்தது. “குழல் லேசாத் தொங்குது. அதை ஈடுகட்ட நீங்க திருகை ஏத்திக்கிட்டே போயிருக்கீங்க. உள்ளே இருக்கிற வில்லுக்கு இப்போ பிடிமானமே இல்லை” என்றார்.

குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தும் மடக்குக் குழல் ரைஃபிள்களில் குழல் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது பரவலாகக் காணப்படும் குறை. அதனால் பெல்லட் தாழ விழும். நாம் திருகை ஏற்றுவோம். திருகு ஏற ஏற, ஸ்கோப்புக்குள் இருக்கும் உள் குழாயைத் தாங்கும் வில் தளர்ந்து, ஒவ்வொரு உதைப்பிலும் அந்த உள் குழாய் இடம் மாறும். பழி ஸ்கோப்பின் மேல் விழுகிறது.

பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டி, மவுண்டின் பின் தொட்டிலில் ஸ்கோப்புக்கு அடியில் வைத்து மூடினார். அதற்கு மேல் அடுக்கினால் ஸ்கோப் குழாயே வளைந்துவிடும் என்பதால், கூடுதலாகத் தேவைப்பட்டால் சாய்வைச் சரிசெய்யும் மவுண்ட்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னார். தோப்பில் சுட்டபோது 25 மீட்டரில் பெல்லட் சுமார் 9 செ.மீ. மேலேறியது. திருகின் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு); அப்படி ஒரு கிளிக் அந்தத் தூரத்தில் 1.8 மி.மீ. நகர்த்தும், 50 கிளிக் கீழே இறக்கியதும் குறி பழைய இடத்துக்கு வந்தது, திருகும் நடுப்பகுதியை நெருங்கியது.

அதன் பிறகுதான், திருகுகள் சொன்ன அளவுக்கு நகர்ந்து திரும்புகின்றனவா என்று பார்க்கும் பெட்டிச் சோதனை செய்தேன். ஐந்து பெல்லட் சுட்டு, வலப்பக்கம் 40 கிளிக், மேலே 40, இடப்பக்கம் 40, கீழே 40 என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் ஐந்தைந்து சுட்டேன். ஒவ்வொரு திருப்பலுக்குப் பின்னும் திருகின் மூடியை விரலால் மெல்லத் தட்டி, கணக்கில் சேராத ஒரு பெல்லட்டைச் சுட்டால்தான் உள் குழாய் அமர்கிறது. பக்கம் 73 மி.மீ. வர வேண்டும், அளவுகோலில் 70-க்கும் 76-க்கும் இடையில் வந்தது. கடைசி ஐந்தும் முதல் ஐந்தின் மேலேயே விழுந்தன.

பொருத்தி 300 பெல்லட்டுக்கு மேல் ஆகிவிட்டது. சென்ற ஞாயிறு, திருகைத் தொடாமல் சுட்ட முதல் பெல்லட், அதற்கு முந்தைய வாரத்து அட்டையின் துளையைச் சற்றே அகலமாக்கியது. அடுத்த வாரம் 35 மீட்டருக்கு அட்டையை நகர்த்தி, எத்தனை கிளிக் தேவைப்படுகிறது என்று குறித்துக்கொள்ளப் போகிறேன்.