கறுப்புக் குதிரை இருந்த இடம்

முதலில் டாக்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மும்பை சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனிலிருந்து காலா கோடா என்ற பகுதிக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருந்தால் அதிகம். தென் மும்பைக்குள் ஆட்டோ கிடையாது; கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். மீட்டர் போட்டால் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய். அந்த டிரைவர் மீட்டர் ரிப்பேர் என்றார். எங்கெங்கோ சுற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு 250 ரூபாய் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சண்டை போட்டுப் பார்த்தேன். பணம் வராமல் டிக்கியைத் திறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். பைகள் உள்ளே. கடைசியில் அக்கா 200 ரூபாய் கொடுத்து முடித்தாள். அறை வாடகை போக இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நாளைக்கு நாலாயிரம்தான் வைத்திருந்தோம். முதல் அரை மணி நேரத்திலேயே இப்படி.

நீங்கள் போனால் தயவுசெய்து நடந்தே போங்கள். மறுநாள் நாங்கள் நடந்தோம், இருபது நிமிடம்தான் ஆனது. டி.என். ரோட்டில் பழைய கட்டடங்களின் வளைவுகளுக்கு அடியிலேயே நடைபாதை போகிறது, வெயில் தெரியாது. வழியில் ஃப்ளோரா ஃபவுண்டன், 1864-ல் கட்டிய நீரூற்று. அதன் பக்கத்திலேயே, மும்பையோடு சேர்த்து மராத்தி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டத்தில் உயிர்விட்டவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதனால்தான் அந்த இடத்துக்கே ஹுதாத்மா சௌக், அதாவது தியாகிகள் சதுக்கம், என்று பெயர்.

சரி, காலா கோடா. கறுப்புக் குதிரை என்று அர்த்தம். போய் நின்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “ஏண்டி, குதிரை இருக்கு, மேல உட்கார்ந்திருந்த ராஜா எங்கடி?”

நியாயமான கேள்வி. இப்போது அங்கே இருப்பது 2017-ல் வைத்த புதுக் குதிரை. சேணமும் இல்லை, ஆளும் இல்லை. பழைய சிலை, பின்னால் இங்கிலாந்து ராஜாவான ஏழாம் எட்வர்ட் இளவரசராக இருந்தபோது செய்தது. குதிரைமேல் அவர் உட்கார்ந்திருப்பார். பாக்தாத்திலிருந்து வந்த யூத வணிகக் குடும்பமான சசூன் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் சசூன் 1879-ல் வைத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் சிலைகளை எடுத்தபோது, 1965-ல், இதையும் பைகுல்லா மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிலை போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆளும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனால் ஜனங்கள் பெயரை விடவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

சசூன் குடும்பத்தை விட்டு அங்கே ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. மஞ்சள் கல்லில் கட்டிய டேவிட் சசூன் நூலகம் (1870), சந்துக்குள் இருக்கும் கெனெசெத் எலியாஹூ யூத ஆலயம் (1884), எல்லாவற்றிலும் அவர்கள் பணம் இருக்கிறது.

இப்போது காலா கோடா ஃபேஷன் ஏரியா. பழைய கட்டடங்களில் துணிக்கடையும் காபிக் கடையும் வந்துவிட்டன. ஆசைப்பட்டு ஒன்றில் நுழைந்தோம். இரண்டு காபி, ஒரு ரொட்டித் துண்டு, பில் 1,140 ரூபாய். காபி ஆறிப்போய் வந்தது. சுவர் அழகு, வெளிச்சம் அழகு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இந்த விலையா?

மதியம் மிலிட்டரி கஃபே போனோம். 1933-லிருந்து இருக்கும் ஈரானி ஹோட்டல், அதாவது ஈரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய வகை. இங்கேதான் பயணமே உயிர் பெற்றது. கீமா பாவ் வந்தது, கொத்துக்கறியும் பாவ் என்ற பன் ரொட்டியும். பொடியாகக் கொத்திய கறி, ஓரத்தில் மின்னும் எண்ணெய், மேலே எலுமிச்சை பிழிந்ததும் எழும்பிய வாசனை! பாவைப் பிய்த்துத் தட்டைத் துடைத்தோம், இன்னும் இரண்டு பாவ் வாங்கி மறுபடியும் துடைத்தோம். அப்புறம் கேரமல் கஸ்டர்ட், அப்புறம் டீ. இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டும் பில் காலைக் காபியில் பாதிதான். காலா கோடாவில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்றால் ஈரானி ஹோட்டலில் சாப்பிடுங்கள்.

ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி இலவசம். வாசல் நடைபாதையில் ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். அக்கா உள்ளங்கை அளவு வாட்டர்கலர் ஒன்று வாங்கினாள், 300 ரூபாய்.

என் மனதை அடித்தது வாட்சன்ஸ் ஹோட்டல். இப்போது எஸ்பிளனேட் மேன்ஷன் என்று பெயர். இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860-களில் பூட்டி எழுப்பிய கட்டடம். 1896 ஜூலை 7-ம் தேதி, சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியர் சகோதரர்களின் படங்களை இங்கேதான் காட்டினார்கள். இந்தியாவில் முதன்முதலாகச் சினிமா ஓடிய இடம். இடிந்து விழும் நிலைக்கு வந்து, குடியிருந்தவர்களை 2019-ல் வெளியேற்றினார்கள். சினிமாவை இவ்வளவு கொண்டாடும் ஊரிலிருந்து போனவளுக்கு அதைப் பார்க்கத் தொண்டை அடைத்தது. எதிரே நின்று வெகுநேரம் பார்த்தேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் கூடவே நின்றாள்.

மாலையில் ஓவல் மைதானம். ஒரு பக்கம் கூரான வளைவுகள் கொண்ட பழைய கோதிக் பாணிக் கட்டடங்கள், எதிர்ப்பக்கம் இருபதாம் நூற்றாண்டு ஆர்ட் டெக்கோ பாணி வீடுகள், நடுவில் பையன்கள் கிரிக்கெட். இரண்டையும் சேர்த்துத்தான் யுனெஸ்கோ 2018-ல் உலகப் பாரம்பரிய இடமாக அங்கீகரித்தது. மைதானத்தைப் பார்த்து நிற்கும் மணிக்கூண்டு, 1878-ல் முடித்த ராஜாபாய் கோபுரம். அதற்குப் பணம் கொடுத்த வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த், தன் அம்மா பெயரை வைக்கச் சொன்னார். அம்மாவுக்குப் பார்வை கிடையாதாம். சமணர் என்பதால் பொழுது சாயும் முன் சாப்பிட வேண்டும், மணியோசை கேட்டு நேரம் தெரிந்துகொள்வார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

மறுநாள் அக்கா விடவில்லை, “ராஜாவப் பாக்காம ஊருக்கு வர மாட்டேன்” என்றாள். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து ஸ்லோ லோக்கலில் பைகுல்லா மூன்றாவது ஸ்டேஷன், டிக்கெட் ஐந்தே ரூபாய். மிருகக்காட்சி சாலையை அங்கே ராணி பாக் என்றால்தான் தெரியும். மரங்களுக்கு நடுவே, கூட்டம் எதுவும் இல்லாமல், குதிரையும் ராஜாவும் நின்றார்கள். அக்கா பீடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்து வந்து, குதிரையை அண்ணாந்து பார்த்து, “இதான்டி காலா கோடா” என்றாள்.

புதன்கிழமை போய்விடாதீர்கள், அன்று ராணி பாக் விடுமுறை.