கணினியியல் பட்டத்தோடு நரம்பியலைத் துணைப்பாடமாகப் படித்த அனுபவம்

கணினியியலை முதன்மைப் பாடமாக எடுத்துப் படித்த நான், அதனுடன் நரம்பியலைத் துணைப்பாடமாகவும் முடித்து அண்மையில் பட்டம் பெற்றேன். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுக்காமல் இயற்பியல், வேதியியல் வழியாக வந்தவர்களுக்கு மூளையைப் பற்றிப் படிக்கும் ஆசை இருந்தாலும், அது மருத்துவம் படிப்பவர்களுக்கும் உயிரியல் மாணவர்களுக்கும் உரியது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தோடு என்னிடம் கேட்ட இளையர்கள் பலருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் பதிவு முறை. எங்கள் பல்கலைக்கழகத்தில் துணைப்பாடத்துக்கு 20 அலகுகள் தேவை. முதன்மைப் பாடத்துக்கும் துணைப்பாடத்துக்கும் பொதுவாகக் கணக்கில் சேர்க்கக்கூடிய அலகுகளுக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு பாடத்தை எடுக்க இன்னொன்றை முன்னதாக முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும். சில பாடங்கள் ஆண்டின் ஒரு பருவத்தில் மட்டுமே நடைபெறும் என்பதால், இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டமளிப்பு வரையுள்ள எல்லாப் பருவங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது மிக அவசியம். வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் அந்தப் பருவத்தை வெற்றாக விட்டுத் திட்டமிட வேண்டும்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நினைவு, உணர்ச்சி, போதைப்பழக்கம் போன்ற தலைப்புகள் எல்லோரையும் ஈர்க்கும். தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்டு இல்லாமல் போன கையில் வலியை உணர்ந்தவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய ஒரு பெட்டியைக் கொண்டு நிவாரணம் தேடியதைப் படித்துத்தான் எனக்கும் இந்த ஆர்வம் பிறந்தது. ஆனாலும் உயிரணு நரம்பியலை முதலில் எடுங்கள் என்றே சொல்வேன். ஒரு நரம்பணு எப்படி மின்சைகையை உண்டாக்குகிறது என்பது விளங்கிவிட்டால், அதற்குப் பின் வரும் எந்தப் பாடமும் மனப்பாடமாக இருக்காது.

இயற்பியல் மாணவருக்கு அந்தப் பாடம் எதிர்பாராத அளவு பழக்கப்பட்டதாகவே இருக்கும். நரம்பணுவின் சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதியாகவும், வெளியே சோடியம் அயனிகள் மிகுதியாகவும் உள்ளன. இந்த வேறுபாட்டை நிலைநிறுத்தும் பம்பு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஓய்வு நிலையில் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டல் ஒரு வரம்பைத் தாண்டியதும் சோடியம் வழிகள் திறந்து, ஏறத்தாழ ஒரு மில்லிவினாடிக்குள் அந்த மின்னழுத்தம் தலைகீழாக மாறித் திரும்புகிறது. இதை விளக்கும் நான்கு சமன்பாடுகளை பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் செய்த சோதனைகளிலிருந்து 1952ல் வெளியிட்டார்கள். கணக்கிட வேண்டிய நேரத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி பெரிய மாற்றங்களுக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் ஹக்ஸ்லி அவற்றைத் தீர்த்தார். அதே சமன்பாடுகளைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதுவதுதான் எங்கள் ஒப்படைப்பு. நிரலை ஓட்டியதும் திரையில் அந்தக் கூர்முனை வளைவு எழுந்து, ஓய்வு நிலைக்குக் கீழே சற்று இறங்கி, மெல்லப் பழைய இடத்துக்கு வந்ததைப் பார்த்தபோது, இந்தத் துணைப்பாடத்தை எடுத்தது சரி என்று உறுதியாகத் தெரிந்தது.

அதற்கு அடுத்து வந்த செய்முறை வகுப்பை எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காது. ஒரு கரப்பான் பூச்சியைப் பனிக்கட்டி நீரில் மயக்கமடையச் செய்து, அதன் ஒரு காலை மட்டும் எடுத்து, இரண்டு ஊசிகளைக் குத்தி, மின்சைகையைப் பெரிதாக்கும் ஒரு மிகைப்பியுடனும் ஒலிபெருக்கியுடனும் இணைத்தோம். இளம் பூச்சியாக இருந்தால் தோலுரிக்கும்போது கால் மீண்டும் வளரும் என்று பயிற்றுநர் விளக்கினார். தொடக்கத்தில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. என்னுடன் இருந்த உயிரியல் மாணவி பல் குத்தும் குச்சியின் முனையால் காலில் இருந்த முள் ஒன்றை மெல்ல வளைத்ததும், ஒலிபெருக்கியிலிருந்து படபடவென்று சத்தம் வந்தது. அழுத்தத்தைக் கூட்டினால் சத்தம் நெருக்கமானது. அப்படியே பிடித்திருந்தால் சிறிது நேரத்தில் தணிந்தது. துடிப்பு ஒவ்வொன்றின் உயரமும் மாறவில்லை, அவை வரும் வேகம்தான் மாறியது. தூண்டலின் வலிமையை நரம்பு இப்படித்தான் தெரிவிக்கிறது என்று பிரிட்டிஷ் அறிவியலாளர் ஏட்ரியன் 1920களில் காட்டியதை நாங்கள் காதால் கேட்டோம். பதிவான தரவிலிருந்து துடிப்புகளைப் பிரித்தெடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். காலின் உடற்கூற்றை அந்த மாணவி எனக்கு விளக்கினார். வெவ்வேறு துறை மாணவர்களை ஒரே மேசையில் அமர வைப்பது இத்தகைய படிப்பின் பெரிய பலம்.

கடினமாக இருந்தது நரம்பு உடற்கூறு. 12 இணை மண்டை நரம்புகள், மூளைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள், குறுக்குவெட்டுப் படங்கள் என்று மனத்தில் நிறுத்த வேண்டியவை ஏராளம். வட்டார நூலகத்தில் உட்கார்ந்து வெற்றுத்தாளில் திரும்பத் திரும்ப வரைந்ததுதான் எனக்குக் கைகொடுத்தது. அச்சிட்ட குறிப்புகளை வாசிப்பது மட்டும் போதாது. அந்தப் பருவத்தில் எங்கள் வட்டாரத்து மூத்தோர் நிலையத்தில் தொண்டூழியம் செய்துகொண்டிருந்தேன். அங்கு வரும் தாத்தா ஒருவருக்குப் பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்து, பேச்சும் ஓரிரு சொற்களாகச் சுருங்கியிருந்தது. நாம் சொல்வது அவருக்கு நன்றாகவே புரியும். மூளையின் இடப்பக்க முன்பகுதியில் பாதிப்பு ஏற்பட்டால் புரிதல் பெரும்பாலும் நிலைத்திருக்க, பேச்சு தடைபடும் என்பதை 1860களில் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா விவரித்ததைப் படித்த பிறகு, தாத்தாவிடம் பேசும் முறையை மாற்றிக்கொண்டேன். "தாத்தா, என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்பதை விட்டு, "தே வேணுமா தாத்தா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அவர் தலையசைப்பார், சில நாள் "ம், தே" என்று சொல்லவும் செய்வார். அவரிடம் குரலை உயர்த்திப் பேசுவதோ, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவதோ தேவையற்றது என்று மற்றத் தொண்டூழியர்களுக்கும் எடுத்துச் சொன்னேன்.

நினைவு பற்றிய பாடம் இதற்குப் பின் வந்ததால் எளிதாகவே அமைந்தது. 1953ல் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்க முடியாமல் போன ஹென்றி மொலைசன், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் திறனை மட்டும் நாளுக்கு நாள் வளர்த்துக்கொண்டார் என்ற உளவியலாளர் பிரெண்டா மில்னரின் ஆய்வை வகுப்பில் விரிவாக அலசினோம்.

மதிப்பெண்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயிரணு நரம்பியலையும் கணினித் துறையின் கனமான செயல்திட்டப் பாடத்தையும் ஒரே பருவத்தில் வைக்காதீர்கள். இரண்டுக்கும் வாரந்தோறும் அறிக்கை எழுத வேண்டியிருக்கும். இறுதியாண்டுச் செயல்திட்டத்தில் நரம்புத் துடிப்புத் தரவை எடுத்துக்கொள்ள விரும்பினால், மூன்றாம் ஆண்டு முடியும் முன்பே இரு துறைகளிலும் வழிகாட்டிகளைத் தேடத் தொடங்குங்கள். கல்வி ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது, பருவவாரியாக எழுதிய அந்தத் தாளையும், பொதுவாகக் கணக்கிட நினைக்கும் பாடங்களின் பெயர்களையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், பட்டமளிப்புக்கு முந்தைய சரிபார்ப்பு விரைவாக முடிந்துவிடும்.