நாலரைக் கிலோமீட்டரை இரண்டே முக்கால் என்று எழுதிவிட்டார்கள்

2024 ஆகஸ்டில் எங்கள் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கக் குடியிருப்பிலிருந்து ஏழு பிள்ளைகள் வர வேண்டும். ஐந்து பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். நின்றுபோன இரண்டு பேரும் பெண் பிள்ளைகள். போய்க் கேட்டபோது அவர்களுடைய அம்மா சொன்னது ஒரே வரிதான்: "தண்ணி வந்தா யாரு, அக்கா, கூட வர்றது?"

ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய, மாநில அரசுகளின் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துக்கும் வழித்துணைக்கு வருபவருக்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை உண்டு. தலைமை ஆசிரியர் விவரம் சொன்னார். அந்த உதவியைக் கேட்டுக் குழுவில் தீர்மானம் போட்டோம். அதுவரை சிக்கல் இல்லை.

மனு கொடுக்க வட்டார வள மையத்துக்கு, அதாவது கல்வித் துறையின் வட்டார அலுவலகத்துக்கு, முதல்முறை போன அன்று பொறுப்பானவர் பயிற்சிக்குப் போயிருந்தார். இரண்டு பேருந்து மாறிப் போனது வீண். இரண்டாம் முறை மனுவை வாங்கிப் பார்த்தவர், "மேப்ல ரெண்டே முக்கால்தாம்மா காட்டுது, விதியில வராது" என்று அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்திருக்கிறார்கள். நடுவில் ஓடையும் பாறைச் சரிவும் இருப்பது கோட்டுக்குத் தெரியுமா? "பிள்ளைங்க பறந்தா வர்றாங்க சார்?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தலைமை ஆசிரியரும் நானும் அந்தப் பிள்ளைகளோடு குடியிருப்பிலிருந்து நடந்தோம். கைபேசியில் வழித்தடத்தைப் பதிவு செய்துகொண்டே வந்தோம். ஓடையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பையைத் தலைக்கு ஏற்றி, முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கரையேறியதும் பாவாடை ஓரத்தை முறுக்கிப் பிழிந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்தாள். தினமும் அந்த ஈரத்தோடுதான் முதல் பாடவேளையில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளி வாசலில் கைபேசி காட்டியது 4.4 கிலோமீட்டர். ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அந்தப் பதிவு, தேதியும் இடமும் விழுந்த படங்கள், கிராம நிர்வாக அலுவலரின் தூரச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். இந்தமுறை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் நின்றுபோன இரண்டு பேரும் எமிஸ் என்ற மாணவர் விவரத் தளத்தில் பொதுத் தொகுப்புக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர் பட்டியலுக்கு, போயிருந்ததால் பட்டியலில் ஏறவில்லை. யாருக்காக இவ்வளவும் செய்தோமோ அவர்கள் பெயரே விட்டுப்போயிற்று! தலைமை ஆசிரியர் அவர்களைத் திரும்பச் சேர்த்து, புதுத் தீர்மானம் போட்டு, மூன்றாவது மனு கொடுத்தார். அதற்குள் அந்த ஆண்டுக்கான நாள் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டுத் திட்டத்தில்தான் அந்தக் குடியிருப்பு ஏறியது.

"மேலிருந்து நிதி வரவில்லை" என்றும் சொன்னார்கள். அது உண்மை. இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு. 2024-25இல் தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்திருந்தார்கள். பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தச் சண்டை தில்லிக்கும் சென்னைக்கும் நடுவில். பாவாடை நனைந்தது இங்கே.

நீங்கள் மனு கொடுப்பதாக இருந்தால், தீர்மானத்தில் "ஏழு மாணவர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு பெயரும் எமிஸ் எண்ணும் வேண்டும். தூரத்தைப் பிள்ளைகள் நடக்கும் பாதையில் அளந்து எழுதுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். மூன்றாம் முறை எங்களைக் காப்பாற்றியது அந்த நகல்தான். வண்டிக்காரரிடமும் முதலிலேயே பேசி வையுங்கள். ஆண்டுத் தொகை 6,000ஐப் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் தலைக்கு 600, ஏழு பேருக்கு 4,200. தார்ச்சாலையைச் சுற்றி வர எங்கள் ஆட்டோக்காரர் மாதம் 6,000 கேட்டார். அவர் பிள்ளையும் எங்கள் பள்ளியில் படித்தவன் என்பதால் 4,500க்கு இறங்கி வந்தார். மீதி 300ஐக் குழு உறுப்பினர்கள் போட்டுக்கொள்கிறோம்.

2025 ஜூலையில் ஆட்டோ ஓடத் தொடங்கியது. முதல் இரண்டு மாதம் பணம் வராமலே ஓட்டினார். முதல் நாள் அந்த இரண்டு பெண்களும் பின்னிருக்கையில் ஒட்டி உட்கார்ந்து வந்து இறங்கினார்கள். மூத்தவள் ஏழாம் வகுப்பில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள்.