வேடியப்பனும் வட்டெழுத்தும்

2024 ஜூலை 6, தருமபுரி

இன்று முதுகலை வகுப்பில் அகநானூறு 343. மருதன் இளநாகனார் பாடிய பாலைப் பாட்டு. உப்பு வணிகனின் வண்டிச் சக்கரம் மோதி, சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லின் தலை சிதைந்திருக்கிறது. சூட்டிய கண்ணி வாடிவிட்டது, கல்லை நீராட்ட ஆளில்லை. உளியால் வெட்டிய எழுத்தில் கோடுகள் மாய்ந்து, அவ்வழியே போகிற புதியவர்களுக்கு அது வேறு பொருள் தருகிறது. 'கூருளி குயின்ற கோடுமாய் எழுத்து' என்கிறார். காட்டுவழியைச் சொல்ல வந்த இடத்தில், எழுத்து தேய்ந்தால் வாசிப்பு எப்படித் திரியும் என்று யோசித்திருக்கிறாரே! எத்தனை முறை நடத்தினாலும் இந்த வரியில் நின்றுவிடுகிறேன்.

"வழிப்போக்கருக்கெல்லாம் அப்போ படிக்கத் தெரியுமா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களைப் பற்றிச் சொன்னேன். அவற்றில் இருப்பது தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்து. ஒரு கல் கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கு எடுத்தது. மாட்டுச் சண்டையில் செத்த ஒருவனின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள் என்றால், அதைப் படிக்க யாரோ சிலராவது அந்தப் பக்கம் இருந்திருக்கத்தானே வேண்டும்?

ஜூலை 7

தொல்பொருள்களை வைத்திருக்கும் அகழ்வைப்பகத்துக்குப் போய், வட்டெழுத்து என்னும் வளைந்த பழைய தமிழ் எழுத்து உள்ள நடுகற்களைத் திரும்பவும் பார்த்தேன். மன்னனின் ஆட்சியாண்டு, அப்புறம் தலைவன் பெயர், யாருடைய தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப் போய் எவன் பட்டான் என்ற செய்தி, கடைசியில் 'கல்'. அவ்வளவுதான். புகழ்ச்சி கிடையாது, அடைமொழி கிடையாது. மன்னர் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்திகளைவிட இந்த உரைநடைதான் எனக்குப் பெரிது. மாடு மேய்த்தவனும் இதில் பெயரோடு நிற்கிறான்.

ஜூலை 14, கிருஷ்ணகிரி

ஊருக்கு வெளியே, புளியமரத்தடியில் ஒரு வேடியப்பன். இரண்டு மாவட்டத்திலும் பல நடுகற்களுக்கு இன்று இதுதான் பெயர். கையில் வில்லும் வாளும் தெரிகின்றன. மேலே எழுத்து இருக்கிறது, விரலால் தடவினால் பள்ளம் தெரிகிறது. ஆனால் மஞ்சளும் எண்ணெயும் தடித்த படலமாக ஏறியிருப்பதால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. எழுத்தைத் தாளில் படி எடுக்க வேண்டுமென்றால் கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் தாள் நிற்காது.

விளக்கு வைக்க வந்த ஆயாவிடம் எழுத்து இருப்பதைச் சொன்னேன்.

"இருக்கட்டும் தம்பி. இவருக்கு வெளக்கு வெக்கலன்னா எங்க மாடு கன்னு தங்காது."

அவருக்கு வட்டெழுத்து தெரியாது. அந்தக் கல்லில் யார் பெயர் இருக்கிறது என்றும் தெரியாது. ஆனால் மாட்டைக் காக்கச் செத்தவனுக்குக் கல் எடுக்கும் மண் இது. அதே மண்ணில் மாட்டைக் காக்கச் சொல்லித்தான் இவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இளநாகனார் பார்த்த கல்லை ஆளில்லாமை அழித்தது. இங்கே ஆள் இருப்பதால் எழுத்து மறைகிறது, ஆனால் கல் பிழைத்திருக்கிறது.

ஜூலை 15

நண்பர் போனில், கல்லைப் பெயர்த்து அகழ்வைப்பகத்தில் வைத்தால்தான் பாதுகாப்பு என்றார். சாலை போடும் இடத்திலும் ஏரிக்கரையிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் கற்களுக்கு அது சரி, அவசரமாகவும் செய்ய வேண்டும். விளக்கு எரிகிற கல்லை நகர்த்தக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கவலை வேறு. பாட்டைத் தமிழ்த்துறை படிக்கிறது, கல்லை வரலாற்றுத்துறை படிக்கிறது, விளக்கை மானிடவியல் படிக்கிறது. ஆனால் தொல்காப்பியம், கல்லைத் தேர்ந்து காணும் காட்சி முதல் நட்ட கல்லை வாழ்த்தும் வாழ்த்தல் வரை, நடுகல்லுக்கான ஆறு படிகளையும் ஒரே நூற்பாவில் சேர்த்துச் சொல்கிறது. அதியமானின் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிக் கள் உகுத்ததை ஔவையார் புறநானூறு 232இல் பாடுகிறார். குன்றுகளோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளையா கொள்வான் என்று கேட்கிறார். அவன் தகடூர்தான் இன்றைய தருமபுரி. எங்கள் மாணவர்கள் அந்தப் பாட்டை வகுப்பறைக்குள்ளேயே படித்து, தேர்வெழுதி, போய்விடுகிறார்கள்.

ஜூலை 16

ஆயாவின் பேரன் பேசினான். நாளை ஆடி பிறக்கிறது. ஆடிப் பூசை முடிந்ததும் மாணவர்களை அழைத்துவந்து படி எடுத்துக்கொள்ளலாமாம். ஆயா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: கழுவுகிற நாங்களே அன்று பொழுது சாயும் முன் மறுபடி எண்ணெய்க் காப்பும் மஞ்சளும் சாத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். படித்தாளும் தூரிகையும் வாங்க வேண்டும், நல்லெண்ணெயும்.