கோத்தகிரியில் 95 காட்டினால்

2021 மே மாதம், கோவிட் அலை நேரம். இரவு ஒன்பதரை மணி இருக்கும், என் மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். தேயிலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு அக்கா போனில் அழுதார். "தம்பி, ஆக்சிஜன் மெஷின் 86 காட்டுது. அம்மா நல்லாத்தான் பேசிட்டு இருக்காங்க. வண்டி சொல்லிட்டேன், மேட்டுப்பாளையம் இறங்கிடட்டுமா?" விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரைத்தான் மெஷின் என்றார்.

"அம்மா கை எப்படி இருக்குக்கா?"

"ஐஸ் மாதிரி இருக்கு."

கையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கித் துடைத்து, நன்றாகத் தேய்த்து, பத்து நிமிடம் கம்பளிக்குள் வைத்துவிட்டு மறுபடி மாட்டச் சொன்னேன். அதற்குள் அம்மாவின் நெஞ்சு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணச் சொன்னேன். 18 என்றார். மூச்சு வாங்கவில்லை, உதடு நீலம் பாயவில்லை. பத்து நிமிடம் கழித்து மெஷின் 94 காட்டியது. எழுபது வயதுக்காரரைக் காய்ச்சலோடு நடுராத்திரியில் 33 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கவேண்டிய தேவை அன்று இல்லை. காலையில் இங்கேயே மருத்துவரிடம் காட்டினார்கள்.

அதே வாரத்தில் நேர்மாறாக ஒன்று. நாற்பது வயதைத் தாண்டிய ஜீப் ஓட்டுநர் அண்ணன் ஒருவர், ஐந்தாறு நாள் காய்ச்சல், இருமலுக்கு மாத்திரை கேட்டு வந்தார். உட்கார்ந்திருக்கும்போது 95. "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, அசதிதான்" என்றார். கடை வாசலில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லிப் பார்த்தேன், 88. இரண்டு முறை பார்த்தும் ஏறவில்லை. அந்த மணி நேரத்திலேயே அனுப்பிவைத்தோம். ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்து திரும்பி வந்தார்.

கோவிட் பேச்சு மறுபடி கிளம்பும்போதெல்லாம் இந்த இரண்டு பேரும் நினைவுக்கு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஊட்டி 2,240. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆகவே சென்னையில் 98, 99 காட்டும் ஆள் இங்கே வந்தால் 95, 96 காட்டலாம், அதில் நோய் எதுவும் இல்லை. ஆனால் வழிகாட்டுதல்களில் உள்ள எண்கள் பெரும்பாலும் சமவெளியை மனதில் வைத்து எழுதியவை. வீட்டுத் தனிமைக்கு நம் மத்திய அரசு 2022 ஜனவரியில் தந்த குறிப்பு, ஒரு மணி நேரத்தில் மூன்று முறை பார்த்தும் 93 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவரிடம் போகச் சொல்கிறது. இங்கேயும் அந்த எல்லையைத் தளர்த்தவேண்டாம். அதோடு இன்னொன்றும் வேண்டும். நலமாக இருக்கும்போது உங்கள் எண் என்ன என்பது தெரிந்திருக்கவேண்டும். எப்போதும் 97 இருப்பவர் 94க்கு இறங்கினால் எனக்குக் கவலை வரும். எப்போதும் 94, 95 இருக்கும் பாட்டி 94 காட்டினால், மற்றபடி நன்றாக இருந்தால், அவ்வளவு பதற்றம் வேண்டாம். உட்கார்ந்து ஒரு முறை, நடந்த பிறகு ஒரு முறை பாருங்கள். நடந்தபின் மூன்று நான்கு எண் இறங்கினால் அது எச்சரிக்கை.

மெஷினும் ஏமாற்றும். குளிர்ந்த விரல், மருதாணி, நகப்பூச்சு எல்லாம் எண்ணைக் கெடுக்கும். கருநிறத் தோலில் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. நமக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்பவேண்டும்.

நம் மலைக்கே உரிய ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். நோயாளிக்குத் தனி அறை கொடுத்து, ஜன்னலை அடைத்து, குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொன்றுவிடும். அந்த விஷம் ரத்தத்தில் ஏறினாலும் மெஷின் அதை ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டும். இரண்டு கம்பளி கூடப் போர்த்திவிடுங்கள், ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். கிருமி வெளியேறவும் அதுதான் வழி.

பரிசோதனை பற்றி அதிகம் சொல்ல இல்லை. வீட்டில் செய்யும் ஆன்டிஜென் கிட்டில் முதல் நாள் ஒரு கோடுதான் (நெகட்டிவ்) வந்தது என்று திருமண வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் கிட்டை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே பிரிக்கவேண்டும், பனியில் இருந்து எடுத்தவுடன் செய்தால் முடிவு தவறலாம். வயதானவர், சர்க்கரைக்காரர், டயாலிசிஸ் செய்பவர் என்றால் லேபில் செய்யும் ஆர்டி-பிசிஆர் சோதனை எடுப்பதே நல்லது. குணமானபின் அதையே திரும்பத் திரும்ப எடுக்கவேண்டாம், பல வாரம் பாசிட்டிவ் என்றே வரலாம்.

மருந்துக்கு வருகிறேன். "அசித்ரோமைசின் ஒரு பட்டை குடுங்க" என்று இன்றும் கேட்கிறார்கள். அது பாக்டீரியாவுக்கானது, வைரஸை ஒன்றும் செய்யாது. பெரும்பாலானவர்களுக்குப் பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு போதும். ஆனால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கேட்டால் மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் தரவே மாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படுபவர்களில் அது உயிரிழப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. 2021இல் சர்க்கரை உள்ளவர்கள் பலர் முதல் நாளிலேயே ஸ்டீராய்டு சாப்பிட்டு, சர்க்கரை எகிறி, கரும்பூஞ்சை வந்து கண்ணை இழந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அது நடந்தது. யாரோ பக்கத்து வீட்டார் கொடுத்த மாத்திரை.

ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நிர்மாட்ரெல்விர்-ரிட்டோனாவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு. அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்கவேண்டும். ஆகவே "ஒரு வாரம் பார்ப்போம்" என்று இருக்கவேண்டாம். வேறு பல மருந்துகளோடு அது மோதும், கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினோடு சேர்க்கவே கூடாது. வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

தடுப்பூசி. என் அம்மா 32 வருடம் கொழுந்து பறித்தவர். 2021இல் லைனில் "ஊசி போட்டா ரெண்டு வருஷத்துல போயிடுவோம்" என்று பேச்சு. அம்மா ஒரு வாரம் யோசித்தார். நான் வற்புறுத்தவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு அவரே சேலை மாற்றிக்கொண்டு முகாமுக்குக் கிளம்பினார். ஒரு நாள் காய்ச்சல், கை வலி, அவ்வளவுதான். மறுவருடம் அவருக்குக் கோவிட் வந்தது, வீட்டிலேயே ஐந்து நாளில் எழுந்துவிட்டார். ஊசி தொற்றை முழுதாகத் தடுக்காது, ஆஸ்பத்திரிக்கும் உயிரிழப்புக்கும் போகும் வாய்ப்பைக் குறைக்கும். 60 கடந்தவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் கூடுதல் தவணை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வருடாந்திர ஃப்ளூ ஊசியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

என் கடையில் மெஷின் எப்போதும் மேஜை மேல்தான் இருக்கும். காசு வாங்குவதில்லை. நலமாக இருக்கும்போதே ஒரு நாள் வாருங்கள், எண்ணைப் பார்த்து ரேஷன் கார்டு உறையில் எழுதித் தருகிறேன். வரும் வழியில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வாருங்கள்.