பாபநாசம் வரை

ஜனவரி 17

பொங்கல் லீவு முடிந்தது. காலையில் பாத்ரூமுக்கு நாலு தடவை. ஐந்தாவதுக்குப் பயந்து 7.20 பஸ்ஸை விட்டுவிட்டு 7.50-க்கு ஏறினேன். கண்டக்டர் இப்போதெல்லாம் படிக்கட்டுப் பக்கத்து சீட்டைக் கண்ணாலேயே காட்டிவிடுகிறார். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. அய்யம்பேட்டை தாண்டியதும் பாபநாசம் வந்துவிடும், முடியாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொள்ளலாம். அது ஒரு தைரியம். அதற்கப்புறம் தாராசுரம் வரைக்கும் சாமிதான்.

ஜனவரி 18

ஆறு. எடை 54.2.

ஜனவரி 20

பேங்க் கேஷில் உட்கார்ந்தவள் நினைத்தபோது எழுந்திருக்க முடியாது. எண்ணிய கட்டை முடிக்க வேண்டும், பெட்டியைப் பூட்ட வேண்டும், சாவியை எடுத்துக்கொண்டு பலகையைத் திருப்பி வைக்க வேண்டும். இன்று மதியத்துக்குள் மூன்று தடவை பலகையைத் திருப்பினேன். வரிசையில் நின்ற பெரியவர், "இப்பத்தானேம்மா போயிட்டு வந்தே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஜனவரி 22

மறுபடியும் ஆடிப்பெருக்கு. எதில் ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறேன்.

புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம் வீட்டில் நான் கிளறியது. வெளியே வாங்கியது நன்னாரி சர்பத் மட்டும். அதில் ஐஸ். நாத்தனார், நான், பையன் மூன்று பேரும் குடித்தோம். பையனுக்கு ஒன்றும் இல்லை. நாத்தனாருக்கும் எனக்கும் மறுநாள் ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. 102 டிகிரி காய்ச்சல், சீதத்தோடு ரத்தம். நாத்தனார் நாலே நாளில் எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டாள்.

ஐஸா, தயிரா, கை கழுவிய தண்ணீரா? எந்தக் கிருமி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு எடுப்பதற்கு முன்னாலேயே கிளினிக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள்.

ஜனவரி 25

நாலாவது கோர்ஸ் முடிந்தது. மஞ்சள் மாத்திரை. வாயில் செப்புக்காசை அடக்கிக்கொண்ட மாதிரி ருசி, காபிகூட உலோகமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். மோஷன் டெஸ்ட், "அமீபா சிஸ்ட் இருக்கு", ஐந்து நாள் மாத்திரை, இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் பழையபடி.

ஜனவரி 28

அத்தை தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். தொண்டையிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டினார்கள், நரம்பு மாதிரி ஒரு துணுக்கு. "இதான் ஆறு மாசமா ஒட்டிக்கிட்டிருந்துச்சு." அத்தைக்காகத் தலையாட்டினேன். திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னதும் அத்தையே என் கையைப் பிடித்துக்கொண்டார், பாவம்.

ஜனவரி 31

53.6. அப்பாவுக்கும் முதலில் மூலம் என்றுதான் சொன்னார்கள்.

பிப்ரவரி 3

தஞ்சாவூரிலேயே வேறு டாக்டர். பெண். முதல் பத்து நிமிஷம் மருந்துச் சீட்டையே தொடவில்லை.

வலி வாரத்தில் எத்தனை நாள்? எத்தனை மாதமாக? போய்வந்தால் குறைகிறதா? வலி வரும் நாட்களில் எண்ணிக்கையும் தன்மையும் மாறுகிறதா? அப்புறம் ஒரு படத்தை நீட்டினார். ஆட்டுப் புழுக்கையில் ஆரம்பித்து வெறும் தண்ணீர் வரை ஏழு வகை. பிரிஸ்டல் நகரத்து டாக்டர்கள் போட்ட கணக்காம். ஆறாவதைத் தொட்டேன். ஆறு மாதமாக நான் வாயால் சொல்லக் கூச்சப்பட்டதை ஒரு விரலால் சொல்லிவிட்டேன்.

"ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்புதா?" இல்லை. எழுந்த பிறகுதான் எல்லாம். "ரத்தம்?" ஆகஸ்டுக்கு அப்புறம் இல்லை. "வீட்ல யாருக்காவது?"

சொன்னேன். என்ன வயதில் என்று கேட்டார். 52. என் வயது 38 என்று எழுதி வட்டம் போட்டார். அந்த வட்டம் கண்ணிலேயே நிற்கிறது.

பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு அமீபா பற்றிச் சொன்னார். கெடுதல் செய்கிற ஒன்றும், சும்மா குடியிருக்கிற ஒன்றும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியுமாம். சிஸ்டைப் பார்த்து மட்டும் இது இன்னதென்று பிரிக்க முடியாதாம். அப்படியானால் அந்த நாலு கோர்ஸ்?

பிப்ரவரி 5

ரத்தம் நாலு குழாய். தைராய்டு, ரத்த அளவு, அழற்சி, கோதுமை ஒத்துக்கொள்கிறதா என்று. மலத்தில் கால்ப்ரோடெக்டின். அதை மட்டும் சென்னைக்கு அனுப்புகிறார்கள். டப்பாவைப் பழைய ஹார்லிக்ஸ் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். லேபில் இருந்த பையன் என் மகனைவிடக் கொஞ்சம்தான் பெரியவன்.

பிப்ரவரி 8

போன் வரவில்லை. ஐந்து.

பிப்ரவரி 9

வரவில்லை. பேலன்ஸ் 500 ரூபாய் இடித்தது. எட்டு மணிக்குத்தான் கிடைத்தது, இரண்டு பழைய நோட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 11

கால்ப்ரோடெக்டின் 31. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் குடலில் புண், அழற்சி இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவாம். குடல் வீங்கினால் வெள்ளை அணுக்கள் அங்கே போய்க் குவியும், அவற்றிலிருந்து கசிகிற புரதம் இது. மற்ற ரத்த ரிப்போர்ட்டும் சரி. "இருந்தாலும் அப்பா விஷயம் இருக்கறதால உள்ள ஒரு தடவை டியூப் விட்டுப் பார்த்துடுவோம்" என்றார். இருந்தாலும்.

பிப்ரவரி 14

நாளைக்கு உள்ளே பார்ப்பதற்காகக் குடலைக் கழுவுகிற மருந்து, இரண்டு லிட்டர். உப்பும் எலுமிச்சையும் கலந்த கோந்து மாதிரி. கால் மணிக்கு ஒரு டம்ளர். பையன் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வரை எண்ணினேன்.

பிப்ரவரி 15

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 16

அவர் நேற்றிலிருந்து எல்லோருக்கும் போன் போட்டு, "ஒண்ணும் இல்லையாம், எல்லாம் நார்மலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நாத்தனார், "நான்தான் அப்பவே சொன்னேனே, நீ எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்கே" என்றாள். நேற்று மயக்கம் தெளிந்ததும் அழுதேன். சந்தோஷத்தில்தான். இன்று காலை நாலு தடவை ஓடிவிட்டு, ஈரக்காலோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைக் கேட்கும்போது யாரையாவது அறையலாம் போலிருக்கிறது. ஒன்றும் இல்லையென்றால் இது என்ன?

அப்பாவுக்கு இந்த வார்த்தையைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. நான் என்னவென்றால் அதைக் கேட்டுக் கோபப்படுகிறேன்.

பிப்ரவரி 19

பெயர் கிடைத்துவிட்டது. ஐ.பி.எஸ்., அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், பேதி வகை, தொற்றுக்குப் பின் வந்தது. "உங்க குடலோட அமைப்புல கோளாறு இல்லம்மா, அது வேலை செய்யற விதத்துலதான். கிருமி போயிடுச்சு, அது கிளப்பிவிட்ட நரம்பு இன்னும் அடங்கலை" என்றார். ரோம் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறதாம், 2016-இல் வந்த நாலாம் பதிப்பு. அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகள் அதிலிருந்துதானாம். வயிற்றுத் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகுமாம்.

ராத்திரி செல்போனில் தேடினேன். கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர், மொத்தம் ஐயாயிரம் பேர். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச்சாணம் குடிநீர்க் கிணற்றில் இறங்கியிருக்கிறது. 2,300 பேருக்கு மேல் படுத்தார்கள், ஏழு பேர் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். எட்டு வருஷம் கழித்தும் சிலருக்கு வயிறு சரியாகவில்லை.

எட்டு வருஷம். பையன் காலேஜ் போய்விடுவான்.

பிப்ரவரி 20

மெபெவெரின், மூன்று வேளை, சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் முன்னால். ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். மெடிக்கல்காரர் இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது டிப்ரஷனுக்குக் குடுக்கறதாச்சேக்கா, யாருக்கு?" என்றார். பின்னால் எங்கள் பேங்க் கஸ்டமர் ஒருவர் நின்றிருந்தார். அத்தைக்கு என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 21

மாத்திரையைப் போடவில்லை. டாக்டருக்குப் போன் பண்ணினேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவு இதைப்போலப் பல மடங்காம். இந்தக் குறைந்த அளவு குடல் நரம்பின் வலியைத் தணிக்கும், ஓட்டத்தையும் கொஞ்சம் மந்தமாக்கும். இங்கிலாந்தில் 463 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்து 2023-இல் முடிவு வந்திருக்கிறதாம். "பைத்தியத்துக்குன்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தார். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பது மணிக்குப் போட்டேன்.

பிப்ரவரி 22

நாக்கு வறட்சி. பஸ்ஸில் தூங்கிவிட்டேன். பாபநாசம் எப்போது போனது என்றே தெரியவில்லை!

பிப்ரவரி 25

ஆறு வாரத்துக்கு வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கோதுமை இல்லை, பால் இல்லை, பலாப்பழம் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பிரபலப்படுத்திய சாப்பாட்டு முறை. சிறுகுடலில் செரிக்காத சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போய் நொதித்துக் காற்றாகின்றன என்பது கணக்கு. அரிசிக்குத் தடை இல்லை, அது போதும். "தெனம் அமாவாசை சமையலா?" என்றார் அத்தை. ஆனால் அமாவாசைச் சாம்பாரில் பருப்பு உண்டு, எனக்கு அதுவும் அளவோடுதான்.

பூண்டின் அந்தச் சர்க்கரை எண்ணெயில் கரையாதாம். பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டு எண்ணெயில் ரசம் தாளித்தேன். வாசனை வந்தது. அந்த வாசனைக்கே ஒரு கை சோறு கூட இறங்கியது.

கும்பகோணத்தில் வேலை பார்த்துக்கொண்டு டிகிரி காபி குடிக்காமல் இருக்கிறேன். இதையும் எங்காவது எழுதிவைக்க வேண்டும்.

மார்ச் 2

இரண்டு.

மார்ச் 6

இரண்டு. பலகையைத் திருப்பவே இல்லை. 54.0.

மார்ச் 9

சரியாகிவிட்டேனா, இல்லை மாத்திரை பிடித்து வைத்திருக்கிறதா? வாக்கர்டனில் கேஷ் கவுண்டரில் ஒருத்தி இருந்திருப்பாள் இல்லையா? அந்த ஊரிலும் பேங்க் இருக்குமே. இதை ஏன் எழுதுகிறேன்.

அப்பாவின் திதி வருகிறது. பலாக்காய்க் கறி செய்ய வேண்டும்.

மார்ச் 14

விடியற்காலை 2 மணி. தூக்கத்திலிருந்து எழுப்பியது. வாந்தி. பத்து நிமிஷத்தில் பையனும் வாந்தி. நேற்று அவன் பள்ளி ஆண்டு விழாவில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு 101.6.

பாத்ரூம் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ராத்திரியில் எழுப்புகிறது, காய்ச்சல் இருக்கிறது, பையனுக்கும் வந்திருக்கிறது. பழையது இப்படி வராது. இது வேறு. ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல்.

மார்ச் 15

அவர் கேட்காமலே அந்த மஞ்சள் மாத்திரை வாங்கி வந்துவிட்டார். திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். டாக்டர் போனில் சொன்னது: ஓ.ஆர்.எஸ். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் என்று போடக் கூடாது. ரத்தம் வந்தாலோ காய்ச்சல் விடாவிட்டாலோ உடனே வர வேண்டும், இந்தத் தடவை முதலில் கல்ச்சர், அப்புறம்தான் மாத்திரை.

ரத்தம் இல்லை. ஒவ்வொரு தடவையும் லைட்டைப் போட்டுப் பார்க்கிறேன்.

மார்ச் 16

காய்ச்சல் இல்லை. பையன் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு கிரிக்கெட் மட்டையோடு போய்விட்டான்.

மார்ச் 17

நாலாவது நாள். மூன்று தடவை. போன ஆகஸ்டிலும் நாலாவது நாள் மூன்றுதான்.