குடலையில் நின்ற வேளாண்மையும் எங்கள் 33 கிலோவோல்ட் லைனும்

நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வேலை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு மானாவாரி வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, குறுக்கே 33 கிலோவோல்ட் லைன் இழுத்து, ஒரு குடிநீர் பம்பிக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் கரண்ட் கொடுப்பது. ஒக்டோபரில் ஒப்பந்தம், நவம்பரில் சாமான் இறக்கல், டிசம்பரில் கம்பம் நடுதல் என்று கொழும்பில் இருந்து வேலைத்திட்டம் வந்தது. நானும் கையெழுத்து வைத்தேன். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு டிசம்பரில் வட்டை எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் திகதிகளை மாற்றிக் கேட்டால் வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம்.

டிசம்பரில் போய் நின்றபோது கால் வைக்க வரம்பு மட்டும்தான் இருந்தது. 13 மீற்றர் கம்பத்தில் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2 மீற்றர், மண்ணுக்குள் இறங்க வேண்டும். அரை மீற்றர் தோண்டுவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது, பம்பி வைத்து இறைத்தால் பக்கச் சுவர் சரிந்து விழுகிறது. கிரேன் பூட்டிய லொறி வட்டைக்குள் இறங்கிப் பத்து அடி போகவில்லை, அச்சுவரை புதைந்து போனது, அதை இழுத்தெடுக்க வந்த உழவு மெஷினும் இன்னொரு துண்டு வயலை உழக்கிவிட்டது.

அந்த வட்டை விவசாயிகளின் தலைவரான வட்டவிதானை ஐயா வந்தார். சத்தம் போடவில்லை. “மனே, வேளாண்மை குடலையில நிக்குது. இப்ப இதுக்குள்ள லொறியை விட்டா நாங்க மாசியில என்னத்தை வெட்டுற?” என்று கேட்டார். வேளாண்மை என்றால் இங்கே வயலில் நிற்கும் நெற்பயிர், குடலை என்றால் கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் இருக்கும் பருவம். கையில் பாதை அனுமதிக் கடிதம் இருந்தது, பிரதேச செயலகம் வரை போய் முறையாக எடுத்ததுதான். அதை நீட்ட மனம் வரவில்லை. பின்வாங்கினோம். உழக்கிய வேளாண்மைக்கு நட்டஈடு கொடுத்தோம், கொடுக்க வேண்டியதுதான்.

நாட்கள் ஓடிவிட்டன, ஒப்பந்தப்படி தாமதத்துக்குப் பணம் வெட்டுவார்கள். மழையைக் காட்டிக் கால நீடிப்புக் கேட்டோம், மழை அளவுப் பதிவுகள் எல்லாம் இணைத்துத்தான். வாடிக்கையாளரின் பொறியியலாளர் மறுத்துவிட்டார். ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி வகை ஒப்பந்தத்தில் கால நீடிப்புத் தருவது வழமைக்கு மாறான மோசமான காலநிலைக்கு. வாடைக் காற்றோடு ஒவ்வொரு வருடமும் வரும் மாரி மழையில் வழமைக்கு மாறாக என்ன இருக்கிறது? அன்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரி.

அப்புறம் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வட்டவிதானை வீட்டுத் திண்ணையில் இருந்து புதிதாக ஒன்று எழுதினோம். வட்டைக்குள் கால் வைக்கத் தேவையில்லாத வேலைகளை, அதாவது ரோட்டோரக் கம்பங்கள், ட்ரான்ஸ்போமர் நிற்கும் இரட்டைக் கம்பம், வீடுகளுக்குப் போகும் தாழ் அழுத்த லைன், எல்லாவற்றையும் மாரிக்குள் முடிப்பது. மாசி பங்குனியில் அறுவடை முடிந்து வட்டை காய்ந்ததும் உள்ளே போவது. மானாவாரி என்பதால் அடுத்த விதைப்பு வரைக்கும் நிலம் சும்மா கிடக்கும். லைன் போகும் வழியை அவரோடு நடந்தே பார்த்தோம். மூன்று கம்பங்களை வரம்போரம் தள்ளினோம், ஒன்றை வாய்க்கால் கட்டில் இருந்து விலக்கினோம். ஓரிடத்தில் கோணம் கொஞ்சம் கூடியதால் கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி ஒன்று அதிகம் போனது, அவ்வளவுதான் செலவு. கம்பங்களை உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி இறக்கியவர்கள் அந்த ஊர்ப் பொடியன்கள்.

கம்பி இழுக்கும்போது மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. மதியத்துக்குப் பிறகு கம்பி ஆடுகிற ஆட்டத்தில் தொய்வை அளக்கவே முடியாது, வெயிலில் கம்பி நீண்டு தொய்வும் கூடிவிடும். அதனால் காலை ஐந்தரைக்கே தொடங்கி, அந்த நேரத்து வெப்பநிலைக்கு அட்டவணையில் இருக்கும் தொய்வைப் பார்த்து இறுக்கி, பத்து மணிக்கு நிறுத்தினோம்.

பழைய லைனோடு இணைக்க ஒரு பகல் முழுக்க மின்தடை வேண்டும். அதற்கு நாள் எடுப்பதுதான் இந்தப் பக்கத்தில் மிகக் கஷ்டமான வேலை என்று நான் சொல்வேன். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அதன் கடைசி நிகழ்வான குளிர்த்தி முடியும் வரை லைனைத் தொட நினைக்கவே கூடாது. நோன்பு மாதம் என்றால் காத்தான்குடி, ஏறாவூர், அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர்கள் எல்லாம் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் ஓஎல், ஏஎல் சோதனைக் காலம் இருக்கிறது. மீன்பிடி நல்லாயிருக்கும் நாளில் ஐஸ் தொழிற்சாலையை நிறுத்தினால் ஏற்றுமதிக்கு வைத்த மீன் பழுதாகும். இதெல்லாம் பார்த்துத்தான் ஆனியில் ஒரு நாள் கிடைத்தது.

அன்று நான் பயந்தது ஒன்றுக்கு மட்டும்தான். கரண்ட் போனதும் அரிசி ஆலைக்காரர் ஜெனரேட்டரைப் போடுவார். ஜெனரேட்டரையும் லைனையும் பிரித்து வைக்கும் மாற்றுச் சுவிட்ச் ஒழுங்காக இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் ட்ரான்ஸ்போமர் வழியாகப் பின்னால் ஏறி, நாம் நிறுத்தியதாக நினைக்கிற லைனில் 33,000 வோல்ட்டாக நிற்கும். கம்பத்தில் இருப்பவனுக்கு அது தெரியாது. முதல் நாள் மாலையே பாதையில் இருந்த இரண்டு ஆலைகளுக்கும் நேரில் போய்ச் சுவிட்சைப் பார்த்தேன், ஒன்றில் அது இல்லவே இல்லை. அந்த முதலாளி ஜெனரேட்டர் வயரைத் தானே கழற்றி வைத்தார். இருந்தும் லைனில் கரண்ட் இல்லை என்று சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் அடித்து, அதாவது கம்பியை நிலத்தோடு இணைத்த பிறகுதான் ஆளை ஏற்றினோம். ஒரு பக்கம் போதும், நேரம் போகுது என்றார் மேற்பார்வையாளர். நான் விடவில்லை.

மாலை நாலரைக்கு லைனைச் சார்ஜ் பண்ணினோம். பம்பி ஓடும் சத்தம் கேட்டதும் வட்டவிதானை ஐயா வாய்க்கால் பக்கம் நடந்து போய், நாங்கள் விலக்கி நட்ட அந்தக் கம்பத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். “புரட்டாதியில விதைக்கக்குள்ள வாங்க மனே, மெஷின் திரும்ப இடம் காணுமா எண்டு பாப்பம்” என்றார். புரட்டாதியில் போனேன். மெஷின் தாராளமாகத் திரும்பியது.